வேலை கிடைக்காத நாளிலும் ஆலோசகருக்குப் பணி உண்டு

கேள்வி: வேலை தேடி வருபவர்களுக்கு வழிகாட்டும் ஆலோசகராகச் சில ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். ஆலை மூடப்பட்டதால் வேலையிழந்த, ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் பல மாதங்களாக என்னிடம் வந்துகொண்டிருந்தார். அனுப்பிய விண்ணப்பங்கள் எதற்கும் பதில் வரவில்லை. சென்ற வாரம், "கிடைக்கும் கிடைக்கும் என்று நீங்கள் சொன்னதை நம்பித்தான் ஏமாந்தேன்" என்று கூறிவிட்டு எழுந்து போய்விட்டார். அலுவலகமோ, மாதம் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற ஒரே கணக்கைத்தான் கேட்கிறது. பொய்யான நம்பிக்கை கொடுக்கிறேனோ என்ற உறுத்தலோடு இந்தப் பணியில் தொடர்வது சரியா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

எழுந்து போன மனிதரைப் பற்றி இன்னும் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும் உங்களிடம் இந்தப் பணியை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. வேலைக்கு எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் வேறொருவராக இருக்கும்போது, அவர் சார்பில் "கட்டாயம் கிடைக்கும்" என்று வாக்குக் கொடுக்க எந்த ஆலோசகருக்கும் உரிமை கிடையாது. எந்த வேலைக்கு இப்போது ஆள் தேவைப்படுகிறது, எதற்குப் போட்டி அதிகம், வயது எந்த இடத்தில் தடையாகும், எந்த இடத்தில் அனுபவமாக மதிக்கப்படும் என்பதையெல்லாம் நீங்கள் அறிந்த அளவுக்கு ஒளிக்காமல் சொன்னால் போதும். முதல் நாள் அது கசக்கலாம். ஆனாலும் மாதக்கணக்கில் காத்திருந்த பின் வரும் ஏமாற்றத்தைப் போல அது ஒருவரை உடைத்துவிடாது.

1908-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தொழில் வழிகாட்டும் அலுவலகம் ஒன்றைத் தொடங்கிய ஃபிராங்க் பார்சன்ஸ், ஒருவர் தம்மை அறிவது, வேலைகள் கேட்கும் தகுதிகளையும் அவை தரும் வாய்ப்புகளையும் அறிவது, இரண்டையும் பொருத்திப் பார்த்து முடிவெடுப்பது என இந்தப் பணியை மூன்றாகப் பிரித்தார். அவற்றில் இரண்டாவதற்குத்தான் நம் ஆலோசனை அறைகளில் மிகக் குறைந்த நேரம் ஒதுக்கப்படுகிறது என்பது என் கருத்து. ஆர்வத்தை அளக்கும் கேள்வித்தாளை நிரப்பச் சொல்வது எளிது. பணியிடங்களுக்கு நேரில் சென்று, அங்கே ஒரு நாள் எப்படிக் கழிகிறது, புதியவர்கள் எதனால் விலகிப் போகிறார்கள் என்று மேற்பார்வையாளரிடம் கேட்டறிவதற்கு நேரமும் கூச்சமில்லாத மனமும் வேண்டும். வாரத்தில் அரை நாளையாவது அதற்கென்று அலுவலகத்திடம் கேட்டு வாங்குங்கள். விளம்பரமே வராத வேலைகளைப் பற்றியும் அப்போதுதான் உங்கள் காதில் விழும்.

முதல் படியையும் பதவிப் பெயரோடு முடித்துவிடக் கூடாது. "இயந்திர இயக்குநர், பல ஆண்டு அனுபவம்" என்று எழுதப்பட்ட தாளைப் பார்க்கும் நிறுவனத்துக்கு, மூடப்பட்ட ஆலை ஒன்றின் பழைய தொழிலாளி மட்டுமே தெரிவார். அவரை உட்கார வைத்து, காலையில் உள்ளே நுழைந்தது முதல் வெளியே வரும் வரை என்னென்ன செய்தார் என்று பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள். சத்தம் மாறியதை வைத்தே பழுதைக் கண்டுபிடித்திருப்பார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்திருப்பார். இரவுப் பணி மாறும்போது குறிப்பேட்டை எழுதி ஒப்படைத்திருப்பார். உதிரிப் பாகங்கள் தீரும் முன்பே கேட்டு வாங்கியிருப்பார். இவற்றில் எதையும் அவர் திறமை என்று எண்ணியிருக்க மாட்டார், ஏனென்றால் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. பராமரிப்பு, கிடங்குப் பொறுப்பு, பயிற்சி உதவி, பாதுகாப்புக் கண்காணிப்பு என வேறு கதவுகளைத் தட்டுவதற்கான சான்றுகள் இந்த உரையாடலிலிருந்துதான் கிடைக்கும். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அந்த வேலைக்குப் பொருந்தும் செய்திகளை மட்டும் எடுத்து, அவருடைய சொற்களிலேயே எழுதுங்கள். அலங்காரமான சொற்களை நீங்கள் சேர்த்துவிட்டால் நேர்காணலில் அவற்றை விளக்க முடியாமல் அவர்தான் தவிப்பார்.

சொன்ன வேலையைச் செய்யாமல், குறித்த நேரத்துக்கும் வராமல் இருப்பவர்களைச் சோம்பேறிகள் என்று பதிவேட்டில் குறிக்கும் பழக்கம் சில அலுவலகங்களில் உண்டு. அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஆஸ்திரியாவின் மரியந்தால் என்ற சிற்றூரில் நெசவாலை மூடப்பட்ட பின், மரீ யகோடாவும் அவருடைய சகாக்களும் அங்குள்ள மக்களைக் கூர்ந்து கவனித்து 1933-இல் ஆய்வை வெளியிட்டார்கள். கைநிறைய நேரம் இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகம் தளர்ந்து, அடிக்கடி நின்று நின்று சென்றார்கள். வேலை போகும்போது வருமானத்தோடு நாளின் ஒழுங்கும், மனிதர்களோடு உள்ள பழக்கமும், தாம் யார் என்ற எண்ணமும் சேர்ந்தே போகின்றன. ஆகவே "அடுத்த மாதம் வாருங்கள்" என்று அனுப்பாதீர்கள். சில நாட்களுக்குள் மறு சந்திப்பு, அதற்குள் முடிக்கக்கூடிய ஒரே ஒரு சிறு வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சிறு வேலை, பழைய சக ஊழியர் ஒருவருடன் பேசுவதாகவே இருக்கலாம். சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் வெளியிட்ட கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் ஏறத்தாழ 6-இல் ஒரு பங்கினருக்கே அந்தத் தெரிந்தவர் அடிக்கடி சந்திப்பவராக இருந்தார் என்று காட்டினார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும்; தூரத்துப் பழக்கங்கள்தான் புதுச் செய்தி கொண்டு வருகின்றன. வேலையிழந்தவரோ வெட்கத்தால் முதலில் அவர்களிடமிருந்துதான் ஒதுங்குகிறார். தொலைபேசியில் என்ன பேசுவது என்பதை இருவரும் சேர்ந்து எழுதிவைத்து, ஒருமுறை பேசிப் பழகுங்கள்.

அலுவலகம் கேட்கும் கணக்கை நீங்கள் தவிர்க்க முடியாது. அதனுடன், நேர்காணல் வரை சென்றவர்கள் எத்தனை பேர், வேலையில் சேர்ந்து மூன்று மாதம் கழித்தும் அங்கேயே இருப்பவர்கள் எத்தனை பேர் என்பதையும் குறித்துவைத்து மேலதிகாரியிடம் காட்டுங்கள். அவசரமாகப் பொருந்தாத இடத்தில் சேர்க்கப்பட்டவர் சில வாரங்களில் திரும்பி வருவதை எண்களால் காட்டினால்தான் அவர்கள் கவனிப்பார்கள்.

அந்த மனிதரை இந்த வாரமே அழையுங்கள். வேலை இருக்கிறது என்று சொல்லி அழைக்காதீர்கள். உறுதியில்லாததை உறுதிபோலச் சொன்னதற்கு வருத்தம் தெரிவித்து, அவர் செய்த வேலைகளை விரிவாகக் கேட்டு விண்ணப்பத்தை மீண்டும் எழுத விரும்புவதாகச் சொல்லுங்கள். உங்களிடம் வர அவருக்கு விருப்பமில்லை என்றால், வேறொரு ஆலோசகரை அறிமுகப்படுத்தி, அவருடைய சம்மதத்தோடு கோப்பை ஒப்படைத்துவிடுங்கள்.