நீலமாக மின்னியது ஊசித்தட்டானா, பட்டாம்பூச்சியா?

கேள்வி: தென் அமெரிக்க மழைக்காட்டில் கையகலப் பூச்சி ஒன்று நீலமாக மின்னி மின்னிப் பறந்தது. சிலந்தி வலை முன்னால் சற்று நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு கிளையில் சிறகுகளை முதுகின்மேல் மூடித் தொங்கியது. எடுத்த படம் மங்கல். மார்ஃபோ பட்டாம்பூச்சி என்கிறார் நண்பர். சரியா?

பதில்: நண்பர் நிறத்தை வைத்துச் சொல்லியிருக்கிறார். அந்தக் காடுகளில் நீல நிறத்தை மட்டும் நம்ப முடியாது. சிறகை மூடி அமர்வதும் உதவாது. பட்டாம்பூச்சியும், தட்டானின் மெலிந்த உறவான ஊசித்தட்டானும் பெரும்பாலும் அப்படித்தான் அமரும்.

எனக்கு விடை தந்தது அந்தச் சிலந்தி வலைதான். மார்ஃபோவுக்கு வலையில் வேலையே இல்லை. அதன் வாய் வெறும் உறிஞ்சுகுழல். அழுகிய பழச்சாறுதான் உணவு. மெகலோப்ரெபஸ் என்னும் ராட்சத ஊசித்தட்டானோ சிலந்திகளைத் தின்பது. வலைக்கு எதிரே நின்று குறிபார்த்து, பாய்ந்து சிலந்தியைப் பறித்து, சிக்கிக்கொள்ளாமல் பின்னோக்கியே பறந்து விலகும். முன்சிறகும் பின்சிறகும் தனித்தனியே இயங்குவதால்தான் இந்த வித்தை சாத்தியம். சிறகு விரிப்பில் 19 செ.மீ. வரை வளரும் இது, இன்றுள்ள தட்டான் இனங்களிலேயே மிக அகன்ற சிறகுடையது. மார்ஃபோவும் ஏறக்குறைய அந்த அளவு இருப்பதால் குழப்பம் இயல்பே.

மின்னுவதிலும் வித்தியாசம் உண்டு. மார்ஃபோவின் நீலம் சிறகின் மேற்பக்கச் செதில்களின் நுண் அமைப்பால் வருவது, அடிப்பக்கம் பழுப்பு. எனவே ஒவ்வொரு சிறகடிப்பிலும் நீலம் தோன்றி மறையும். ஊசித்தட்டானின் சிறகு கண்ணாடிபோல் தெளிவானது, நுனிப்பக்கம் மட்டும் கருநீலப் பட்டை. நிழலில் சிறகு கண்ணுக்குத் தப்பிவிட, பட்டைகள் மட்டும் தனியே சுழல்வதாகத் தெரியும்.

மங்கலான படம்தான் என்றாலும் பெரிதாக்கி உடலைப் பாருங்கள். குச்சிபோல் நீண்ட வயிறு, விலகி நிற்கும் பெரிய கண்கள், இருப்பதே தெரியாத குட்டி உணர்கொம்பு இருந்தால் சந்தேகமே வேண்டாம், ஊசித்தட்டான்தான். நுனி தடித்த நீள உணர்கொம்பு இருந்தால் பட்டாம்பூச்சி.

அருகில் நீர் தேங்கிய மரப்பொந்து இருந்ததா? மெகலோப்ரெபஸ் முட்டையிடுவது அங்கேதான். ஆண் அந்தப் பொந்தைக் காவல் காக்கும். உள்ளே வளரும் இளம்பூச்சிகள் கொசுப்புழுக்களையும் தலைப்பிரட்டைகளையும் தின்னும். அடுத்த முறை அத்தகைய பொந்துக்குப் பக்கத்தில் வெயில் விழும் இடைவெளியில் காத்திருங்கள். தொங்கும்போது பக்கவாட்டில் எடுங்கள். தலையும் வயிறும் ஒரே படத்தில் தெளிவாக விழும்.