‘கிளீவ்’ என்றால் ஒட்டுவதா, பிளப்பதா?

கேள்வி: புளியந்தீவிலுள்ள தேவாலயமொன்றில் நடைபெற்ற உறவினரின் திருமணத்தில், புருஷன் தாய் தகப்பனை விட்டுத் தன் மனைவியோடே இசைந்திருப்பான் என்னும் வசனத்தைப் பழைய ஆங்கில வேதாகமத்திலிருந்து வாசித்தார்கள். ‘இசைந்திருப்பான்’ என்பதற்கு அங்கே ‘கிளீவ்’ என்னும் வினை வந்தது. அகராதியைப் புரட்டினால் ‘பிளத்தல்’ என்று இருக்கிறது. இரண்டில் எது சரி?
– வாசகி ஒருவர், கல்லடி

பதில்: இரண்டுமே சரி. ஒரே சொல் நேரெதிரான பொருள்களைத் தருவதாகத் தோன்றினாலும், உண்மையில் இவை வேறு வேறு மூலத்திலிருந்து வந்த இரண்டு வினைகள். பழைய ஆங்கிலத்தில் பிளப்பதற்கு ‘கிளேயோவன்’ என்றும் ஒட்டுவதற்கு ‘கிளிவியன்’ என்றும் தனித்தனியே வழங்கியவை, காலப்போக்கில் ஒலி தேய்ந்து ஒரே உருவில் வந்து சேர்ந்துவிட்டன. 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினார்களே, அந்த ஒல்லாந்தரின் மொழியில் ஒட்டுவது ‘கிளேவன்’, பிளப்பது ‘கிளீவன்’ என இன்றும் அவை பிரிந்தே நிற்கின்றன.

நீங்கள் கேட்ட வசனம் ஆதியாகமம் 2:24. அதனை வாசித்தது 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பிலிருந்தாக இருக்க வேண்டும். அதே மொழிபெயர்ப்பில், ரூத் தன் மாமியாரை விடாமல் பற்றிக்கொண்ட இடத்திலும், நாவு மேல்வாயோடு ஒட்டிக்கொள்வதாக என்னும் 137ஆம் சங்கீதத்திலும் இவ்வினையே வருகிறது. இப்பொருளில் வரும்போது அதற்குப் பின்னால் ‘டு’ அல்லது பழைய ‘அன்டு’ என்னும் முன்னிடைச்சொல் வந்தே தீரும். யாரோடு அல்லது எதனோடு ஒட்டுவது என்பதைச் சொல்லாமல் வாக்கியம் நிறைவடையாது. பிளக்கும் வினையோ செயப்படுபொருளை நேரடியாக ஏற்கும். ஆகவே, அடுத்து வரும் சொல்லைப் பார்த்தாலே பெரும்பாலும் ஐயம் தீர்ந்துவிடும்.

பிளத்தலிலும் ஒரு நுட்பம் உண்டு. விறகு கொத்தும்போது கோடாலி விழுந்ததும் கட்டை நாரோட்டத்தின் வழியே இரண்டாகப் பிரிகிறதே, அதுவே ‘கிளீவ்’. வாள் கொண்டு குறுக்கே அரிவதை அவ்வாறு சொல்வதில்லை. மைக்கா ஏடு ஏடாகப் பிரிவதற்கும் கனிமவியலில் இதன் பெயர்ச்சொல்லே வழங்குகிறது. இவ்வினையின் இறந்தகால வடிவங்களான ‘கிளெஃப்ட்’, ‘கிளோவ்’, ‘கிளீவ்ட்’ ஆகிய மூன்றும் செல்லும். மாட்டின் பிளவுபட்ட குளம்பைக் குறிக்கையில் ‘கிளோவன்’ என்றும், பிளந்த அண்ணத்தைக் குறிக்கையில் ‘கிளெஃப்ட்’ என்றும் வழக்கு நிலைத்துவிட்டதால் அவற்றை இடம் மாற்றி எழுதக்கூடாது. ஒட்டும் வினைக்கு இன்று ‘கிளீவ்ட்’ மட்டுமே. வேதாகமத்தில் காணும் ‘கிளேவ்’ வழக்கொழிந்தது. உள்ளிப் பல்லுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கிளோவ்’ பிளக்கும் வினையின் உறவு என்பதையும், கராம்பைக் குறிக்கும் ‘கிளோவ்’ ஆணியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த அயலான் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்; இரண்டையும் ஒன்றென எண்ணுவோர் பலர்.

பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு ஒட்டுதல் என்னும் பொருளில் இச்சொல்லை நான் பரிந்துரைக்க மாட்டேன். கொள்கையையோ மரபையோ விடாது பற்றி நிற்பதை உயர்ந்த நடையில் சொல்லும்போது அது அழகாக அமையும்; அன்றாட உரைநடையில் செயற்கையாகவே ஒலிக்கும். முத்திரை ஒட்டுவதற்கு ‘ஸ்டிக்’, குழந்தை தாயை இறுகப் பற்றுவதற்கு ‘கிளிங்’, விதிகளைக் கடைப்பிடிப்பதற்கு ‘அட்ஹியர்’ என எழுதுவதே பொருத்தம். நம் பிள்ளைகள் அடிக்கடி தவறுவது வினையில் அன்று, அதற்குப் பின் வரும் சிறு சொல்லில்தான். ‘தோலோடு ஒட்டியது’ என்று தமிழில் சொல்லிப் பழகியதால் ‘அட்ஹியர்’ என்பதற்குப் பின்னால் ‘வித்’ எழுதிவிடுகிறார்கள். அங்கே வர வேண்டியது ‘டு’. ‘கிளிங்’, ‘கிளீவ்’ ஆகியவற்றுக்கும் அதுவே.