சிமெண்ட் கலவையும் கைவெடிப்பும்

கேள்வி: பூச்சு வேலை காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன், வயது 44. நானும் கரண்டி பிடிப்பவன்தான். இரண்டு வருடமாக விரல் இடுக்கிலும் புறங்கையிலும் அரிப்பு, வெடிப்பு. ஊருக்குப் போனால் குறைகிறது, வேலைக்கு வந்தால் திரும்புகிறது. மருந்துக்கடைக் களிம்பும் நிலைக்கவில்லை. போன மாதம் தளம் போட்டபோது என்னிடம் வேலை பார்க்கும் பையனுக்கு முழங்காலில் புண்ணாகிவிட்டது. இரண்டும் ஒன்றுதானா?

பதில்: இரண்டுக்கும் சிமெண்ட்தான் காரணம், ஆனால் வேறு வேறு பாதிப்பு.

பையனுக்கு ஏற்பட்டது காரம் சுட்ட புண். ஈரச் சிமெண்டின் பி.எச். (காரத்தன்மையைக் காட்டும் அளவு) 12க்கு மேல், அதாவது கடுமையான காரம். நெருப்பு சுட்டால் உடனே தெரியும். இது முதலில் வலிக்கவே வலிக்காது. நனைந்த பேன்ட்டோடு மண்டியிட்டே வேலையை முடிப்பார்கள். எரிச்சல் தொடங்கும்போது தோல் ஆழமாக வெந்திருக்கும். அதனால் கலவை உள்ளே புகுந்தது தெரிந்ததும் துணியைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவ வேண்டும். தோல் கறுத்தாலோ வெளுத்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உங்களுக்கு ஒவ்வாமை என்று சந்தேகிக்கிறேன். சிமெண்டில் சிறிதளவு குரோமியம் உண்டு. வருடக்கணக்கில் அது பட்டுப் பட்டு, ஒரு கட்டத்தில் உடம்பு அதை எதிர்க்கத் தொடங்கும். தொடங்கிவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் இதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது: கரையும் குரோமியம் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. தோல் மருத்துவரிடம் போய் ஒட்டுச் சோதனை செய்துகொள்ளுங்கள். முதுகில் பட்டை ஒட்டி, 2 நாள் கழித்துப் பார்ப்பார்கள். குரோமியம்தான் என்று உறுதியானால் தோல் செருப்பு, தோல் கையுறையையும் தவிர்க்க வேண்டியிருக்கும். பதனிட்ட தோலிலும் பெரும்பாலும் அது உண்டு. கடையில் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து இன்னும் வெடிக்கும், தயவுசெய்து நிறுத்துங்கள்.

வேலையில் உள்ளே துணி வைத்த நைட்ரைல் (ஒருவகைச் செயற்கை ரப்பர்) கையுறை போடுங்கள். உறைக்குள் கலவை புகுந்தால் அதுவே ஆபத்து, உடனே கழற்றிக் கழுவுங்கள். மண்ணெண்ணெயில் கை கழுவும் பழக்கம் வேண்டவே வேண்டாம். வேலை முடிந்ததும் சாதாரண சோப்பு, அப்புறம் தேங்காய் எண்ணெய் போதும்.

உங்கள் கொத்தனார், சித்தாள்களிடம் விரல் இடுக்கில் அரிப்பு இருக்கிறதா என்று இந்த வாரமே கேளுங்கள். கலவை போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே கை கழுவ மட்டும் ஒரு டிரம் நல்ல தண்ணீர் வையுங்கள்.