எட்டு வாரத்தில் எதை அளப்பது?

கேள்வி: பயோமெடிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பல வருடமாகக் காதுக்குள் ஒரு ரீங்காரம் கேட்கிறது. வெடிப்பு அலை ராணுவ வீரர்களின் உடம்பை என்ன செய்கிறது என்று ஆராயும் ஒரு லேபில், மே மாதம் தொடங்கி எட்டு வாரம் எனக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. "குண்டு வெடிக்கிற இடத்துக்கா போகப் போறே?" என்று அம்மா கவலைப்படுகிறார். எதைப் படித்துவிட்டுப் போகட்டும்? எட்டு வாரத்தில் உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: கோடைக்கு வரும் மாணவர்களை வெடிதளத்துக்கு அழைத்துப்போவது அபூர்வம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். பெரும்பாலான நாள் கம்ப்யூட்டர் முன்னால்தான் போகும். மிஞ்சிப்போனால் ஷாக் ட்யூப் பக்கம் நிற்பீர்கள். அது ஓர் உருக்குக் குழாய். ஒரு பகுதியில் ஹீலியத்தையோ நைட்ரஜனையோ அழுத்தி நிரப்புவார்கள். நடுவில் மைலார் என்ற பிளாஸ்டிக் தாள் தடுத்திருக்கும். தாள் கிழிந்ததும் அலை மறுபகுதியில் பாயும். வெடிமருந்து கிடையாது, ஆனாலும் விளையாட்டுச் சாமான் அல்ல. திறந்த முனைக்கு நேரே நிற்காதீர்கள். காதடைப்பானைச் செருகி, அதற்கு மேல் காதை முழுவதும் மூடும் மஃப்பும் போடுங்கள். தாள் கிழியாமல் நின்றுவிட்டால், வாயுவை வெளியேற்றி மானி பூஜ்யத்துக்கு வரும்வரை யாரும் கிட்டே போகக்கூடாது.

அப்பாவை உங்கள் ஆய்வுக்குள் இழுக்க வேண்டாம். அவருக்கு வேண்டியது காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஒரு ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறன் பரிசோதனை. முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டமான இசிஹெச்எஸ் அட்டை இருந்தால் பாலிகிளினிக்கில் தொடங்கலாம். வெடிச்சத்தத்தால் வந்த பாதிப்பு பெரும்பாலும் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் பள்ளமாகத் தெரியும். ஒரு காதில் மட்டும் ரீங்காரம், நாடித்துடிப்போடு சேர்ந்த ஒலி, தலைசுற்றல் இருந்தால் தள்ளிப்போடக்கூடாது. திடீரென்று காது கேட்காமல் போனால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இனி உங்கள் விஷயம். வெடிப்பு அலையின் அழுத்தம் நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று காட்டும் ஃபிரீட்லாண்டர் வளைகோட்டைப் போவதற்கு முன் கரைத்துக் குடித்துவிடுங்கள். அழுத்தம் மைக்ரோசெகண்டுகளில் உச்சத்துக்குத் தாவும், சில மில்லிசெகண்டுகளில் இறங்கும், காற்றழுத்தத்துக்கும் கீழே போய்த் திரும்பும். உச்சம், அது நீடித்த நேரம், வளைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தப் பரப்புக்குத்தான் இம்பல்ஸ் என்று பெயர். உச்சத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடுவதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு. புதியவர்கள் மட்டுமா என்றால், இல்லைதான்.

வெடி அலையின் உச்ச அழுத்தத்துக்கு அமெரிக்க ராணுவம் எச்சரிக்கைக் கோடாக வைத்திருப்பது 4 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 4 பவுண்ட்), அதாவது 27.6 கிலோபாஸ்கல். ஒலியளவில் அது சுமார் 183 டெசிபல். வெற்றுக் காதுக்குத் திடீர்ச் சத்தத்தின் வரம்பு 140 டெசிபல்தான். ஆக 4-க்குக் கீழே இருந்தாலும் காதுக்குப் பாதுகாப்பில்லை. மூளைக்கு இதுதான் பத்திரமான எல்லை என்று அந்த எண் நிரூபிக்கப்பட்டதும் அல்ல. மேலும், ஒரு பெரிய வெடியில் அடிபடுவது வேறு, சின்னச் சின்ன வெடிகளை வருடக்கணக்கில் பக்கத்தில் நின்று வாங்குவது வேறு. கதவு தகர்ப்பவர்கள், பீரங்கிக்காரர்கள், தோளில் வைத்துச் சுடும் கார்ல் குஸ்டாஃப் என்ற ஆயுதத்தைக் கையாள்பவர்கள் இரண்டாவது வகை. முள்கம்பியைத் தகர்க்கும் பெங்களூர் டார்பிடோவை 1912-ல் உருவாக்கிய சாப்பர்ஸ் பற்றி அல்சூர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எண் எங்கே கெடும் என்று பாருங்கள். சென்சார் விநாடிக்கு 20,000 முறை பதிகிறது என்றால் இரண்டு பதிவுகளுக்கு நடுவே 50 மைக்ரோசெகண்ட். 1 மில்லிசெகண்ட் நீளமுள்ள சாதாரண அலையில் அந்த இடைவெளிக்குள் உச்சம் சுமார் 10 சதவீதம் இறங்கிவிடும். சென்சார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் முக்கியம். அலை பக்கவாட்டில் கடக்கும்போது 28 கிலோபாஸ்கல் காட்டுவது, கெட்டிச் சுவரில் நேராக மோதும்போது 62-ஐ நெருங்கும். ரிப்போர்ட்டில் எது என்று எழுதாவிட்டால் அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. வெடியின் வெளிச்சச் சூடுகூட சில பீசோ சென்சார்கள் (அழுத்தத்தை மின்சாரமாக மாற்றுபவை) வரையும் பதிவுக் கோட்டைச் சாய்த்துவிடும். அதனால்தான் சென்சாரின் முகத்தில் கறுப்பு டேப் ஒட்டுகிறார்கள்.

வெடி அலையை அளக்க வீரர்கள் அணியும் கருவிகள் வழக்கமாக ஹெல்மெட்டின் பின்பக்கம், தோள், மார்பு என மூன்று இடத்தில் இருக்கும். கருவி கீழே விழுந்தாலும், துப்பாக்கி இடித்தாலும் பதிவு விழும். இருவர் கருவியை மாற்றி மாட்டிக்கொண்டால் யார் எவ்வளவு வாங்கினார் என்ற கணக்கே போச்சு.

எட்டு வாரத்துக்குப் பொருத்தமான வேலை இங்கேதான் இருக்கிறது. லேபில் ஏற்கெனவே இருக்கும் பதிவுகளில் நூறை எடுத்து, நிஜம், பொய், சந்தேகம் என்று கையால் பிரியுங்கள். இன்னொருவரும் உங்கள் முடிவைப் பார்க்காமல் பிரிக்கட்டும். இருவரும் ஒத்துப்போகாத இடங்களைப் பேசித் தீர்த்த பிறகு, அதே பிரிப்பைச் செய்யும் புரோகிராம் எழுதுங்கள். ஒலி மில்லிசெகண்டுக்கு ஏறக்குறைய 34 செ.மீ. போகும். ஆகவே தலையிலும் மார்பிலும் அலை பதிவான நேரங்களுக்கு நடுவே ஒன்றரை மில்லிசெகண்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் சந்தேகப்படலாம். ஆனால் மூன்று கருவிகளின் கடிகாரமும் ஒத்திருக்கிறதா என்று முதலில் சரிபாருங்கள். பெரும்பாலும் ஒத்திருக்காது. புதிதாக வீரர்களைச் சேர்த்து ஆய்வு செய்கிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள். எதிக்ஸ் கமிட்டி அனுமதி வருவதற்குள் கோடை முடிந்துவிடும்.

வீரர்களின் பரிசோதனை முடிவுகளைப் பார்ப்பதாக இருந்தால், நடப்பிலுள்ள ஆய்வில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லி இப்போதே கேளுங்கள். மேலதிகாரி பக்கத்தில் நிற்கும்போது வாங்கிய கையெழுத்தைச் சம்மதமாக எண்ணவே கூடாது. தலைவலி, மறதி என்று பதிவாகியிருந்தால் முந்தைய தூக்கம், பழைய தலைக்காயம், மது ஆகியவையும் பதிவாகியுள்ளனவா என்று பாருங்கள். வெடிக்கு முன் எடுத்த அளவு இல்லையென்றால் பின்னால் எடுத்ததை எதனோடு ஒப்பிடுவீர்கள்? ஜிஎஃப்ஏபி, யூசிஹெச்-எல்1 என்ற மூளைப் புரதங்களை அளக்கும் ரத்தப் பரிசோதனைக்கு 2018-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, தலையில் அடிபட்டவருக்கு சிடி ஸ்கேன் தேவையா என்று முடிவுசெய்ய. சிறு வெடிகளின் சேதாரத்தை அளக்கும் கருவியாக அதை நினைத்துவிடாதீர்கள்.

கடைசியாகக் காகித வேலை. பாதுகாப்புத் துறையோடு தொடர்புள்ள லேபில் போனும் பென்டிரைவும் உள்ளே போகாமல் இருக்கலாம், டேட்டா வெளியே வராமலும் இருக்கலாம். கல்லூரி புராஜெக்டுக்கு எதைக் காட்டலாம் என்று முதல் வாரத்திலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். ரிப்போர்ட்டை அவர்கள் படித்து அனுமதிக்க நாள் பிடிக்கும், ஆறாம் வாரத்திலேயே வரைவைக் கொடுத்துவிடுங்கள்.