சங்கதிக்கு இடம் விடும் உரிமம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வீட்டில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். நானே மெட்டமைத்த 12 உருப்படிகள் இருக்கின்றன: என் சொந்த ஸாஹித்யத்தில் (பாடும் சொற்களில்) 3 வர்ணங்கள், பாரதியார் பாடல்கள் 8, இப்போது எழுதிவரும் கவிஞர் ஒருவரின் பாடல் ஒன்று. ஸ்வரக்குறிப்போடு பிடிஎஃப் ஆக்கி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்க ஆசை. படைப்பை எல்லோரும் பயன்படுத்த அனுமதிக்கும் ஆயத்தப் பொது உரிமங்களான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களைப் பார்த்தேன். சினிமாக்காரர்கள் தூக்கிக்கொண்டு போகக் கூடாது, யாரும் மெட்டை மாற்றவும் கூடாது. அதனால் 'வணிகத்துக்குக் கூடாது, மாற்றக் கூடாது' என்கிற பிஒய்-என்சி-என்டி உரிமத்தைப் போடலாம் என்றிருக்கிறேன். சரிதானா? பிற்பாடு மனம் மாறினால் திரும்பப் பெறலாமா?

இசை ஆசிரியை, திருச்சி

அன்புள்ள ஆசிரியைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். திரும்பப் பெற முடியாது. தளத்திலிருந்து கோப்பை நீங்கள் நீக்கலாம், அதற்குமேல் புதிதாகக் கொடுக்காமல் இருக்கலாம். ஆனால் அந்த உரிமத்தோடு ஏற்கெனவே இறக்கிக்கொண்டவருக்கு, அவர் நிபந்தனைகளை மதிக்கும்வரை, உரிமை நீடிக்கும். ஆகவே ஏற்றுவதற்கு முன்பே நன்றாக யோசியுங்கள்.

நீங்கள் தேர்ந்திருக்கும் உரிமம் உங்கள் நோக்கத்துக்கே எதிரானது என்பது என் கருத்து. 'மாற்றக் கூடாது' என்ற என்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்படி ஒருவர் தன் வீட்டில் எதை வேண்டுமானாலும் மாற்றிப் பாடிக்கொள்ளலாம், மாற்றியதை வெளியே பகிரக் கூடாது. உங்கள் மாணவி அனுபல்லவியில் இரண்டு சங்கதி (அதே வரியை வேறுவிதமாக வளர்த்துப் பாடுவது) கூட்டி, தன் பாடாந்தரமாக (தான் பாடும் வடிவமாக) எழுதித் தன் மாணவர்களுக்கு அனுப்பினால் மீறல். நாலு குரல் கோரஸுக்குப் பிரித்து எழுதி வெளியிட்டால் மீறல். ஸாஹித்யத்தைத் தெலுங்கில் மொழிபெயர்த்து மெட்டோடு கொடுத்தாலும் அப்படியே. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களின் 4.0 பதிப்பில், முதல் பிரிவிலேயே, இசையை நகரும் படத்தோடு நேரம் பொருத்திச் சேர்த்தால் அது எப்போதும் 'தழுவல்'தான் என்று எழுதியிருக்கிறது. அப்படியென்றால் என்டி போட்ட வர்ணத்துக்கு ஆடி, அந்த வீடியோவை ஒரு நாட்டியப் பள்ளி யூடியூபில் போட முடியாது. வர்ணம் எழுதுகிறவருக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு! நம் சங்கீதத்தில் உருப்படி வளர்வதே பாடுகிறவர்கள் சேர்க்கும் சங்கதியால். அதைத் தடுக்கிற உரிமத்தை உங்கள் மெட்டுக்குப் போடாதீர்கள்.

மெட்டைக் கெடுத்துவிட்டு உங்கள் பெயரையும் போட்டுவிடுவார்களோ என்ற பயம் நியாயமானது. அதற்கான பாதுகாப்பு எல்லா 4.0 உரிமங்களிலும் இருக்கிறது. மாற்றினால் 'மாற்றியிருக்கிறேன்' என்று குறிப்பிட்டாக வேண்டும். உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் அதிலிருந்து உங்கள் பெயரை எடுக்கச் சொல்லலாம், இயன்றவரை அவர் எடுத்தாக வேண்டும்.

'வணிகத்துக்குக் கூடாது' என்ற என்சி விஷயம் இன்னும் சிக்கல். வணிக ஆதாயத்தையோ பணத்தையோ முதன்மை நோக்கமாகக் கொண்ட பயன்பாடு கூடாது என்பதுதான் அதன் வாசகம். டிக்கெட் போட்ட சபாக் கச்சேரி அதில் வருமா? மாதச் சம்பளம் வாங்கும் பாட்டு வாத்தியார் உங்கள் வர்ணத்தைச் சொல்லிக்கொடுப்பது வருமா? விளம்பரம் ஓடும் யூடியூப் பக்கம்? ஒவ்வொன்றிலும் வாதாட இடமிருக்கிறது. நேர்மையானவர் 'எதற்கு வம்பு' என்று பாடாமலே விட்டுவிடுவார். எடுத்துக்கொண்டு போக நினைப்பவர் எந்த உரிமத்தையும் படிக்கப் போவதில்லை. விக்கிப்பீடியாவுக்கான கோப்புகளைச் சேர்த்துவைக்கும் விக்கிமீடியா காமன்ஸும் என்சி, என்டி இரண்டையும் ஏற்பதில்லை.

நான் சொல்வது பிஒய்-எஸ்ஏ 4.0. பெயர் போட வேண்டும், தழுவியதைப் பகிர்ந்தால் அதையும் இதே உரிமத்தில் பகிர வேண்டும். சினிமா பயத்துக்கு மருந்து இங்கேதான் இருக்கிறது. மேலே சொன்ன அதே விதிப்படி, உங்கள் மெட்டைக் காட்சியோடு சேர்த்தால் அது தழுவல். அந்தத் தழுவலை பிஒய்-எஸ்ஏயில் திறந்துவிட எந்தத் தயாரிப்பாளர் சம்மதிப்பார்? சம்மதிக்காதவர் உங்களிடம் வந்து தனி அனுமதி கேட்டு, பணம் பேசித்தான் ஆக வேண்டும். பொது உரிமம் கொடுத்ததால் தனி ஒப்பந்தம் போடும் உரிமை உங்களிடமிருந்து போய்விடுவதில்லை. கச்சேரி, வகுப்பு, நாட்டியம் எல்லாம் கேட்காமலே நடக்கும், சினிமா மட்டும் கேட்டு வரும். நீங்கள் விரும்புவது இதுதானே?

ஆனால் ஒரு முன்நிபந்தனை. நீங்கள் ஐபிஆர்எஸ் போன்ற உரிமத்தொகை வசூலிக்கும் சங்கத்தில் உறுப்பினரா? அப்படியானால் சேரும்போது கையெழுத்திட்ட பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பொதுவில் நிகழ்த்தும் உரிமையைச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தால், கொடுத்துவிட்டதை இன்னொரு முறை எல்லோருக்கும் கொடுக்க முடியாது.

இனி சொற்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, 'இசைப் படைப்பு' என்பதில் ஸ்வரக்குறிப்பைச் சேர்த்துக்கொள்கிறது, பாடும் சொற்களைச் சேர்ப்பதில்லை. சொற்கள் தனி இலக்கியப் படைப்பு. உங்கள் மூன்று வர்ணங்களிலும் மெட்டு, சொற்கள் இரண்டுமே உங்களுடையவை, கவலையில்லை. பாரதியார் பாடல்களின் சொற்கள் எல்லோருக்கும் பொது. ஆனால் எட்டிலும் மெட்டு முழுக்க உங்களுடையதுதானா என்று ஒருமுறை பாடிப் பாருங்கள். எல்லோர் காதிலும் ஊறிய ஒரு மெட்டு பல்லவியில் தெரியாமல் வந்து உட்கார்ந்திருக்கலாம், அது வேறொரு இசையமைப்பாளருடையதாக இருக்கும். (ராகத்துக்கும் தாளத்துக்கும் யாரும் சொந்தம் கொண்டாட முடியாது.) பிற்காலத்தில் வேறு கவிஞர்களின் பாடல்களை எடுக்க நினைத்தால் இறந்த வருஷத்தைப் பாருங்கள். ஆயுளுக்குப் பிறகு 60 வருஷம். பாபநாசம் சிவன் மறைந்தது 1973, ஆகவே 2033 முடியும்வரை பொறுக்க வேண்டும். பாரதிதாசன் மறைந்தது 1964, ஆனால் அவர் படைப்புகள் முன்பே நாட்டுடைமையாகிவிட்டன.

இப்போது எழுதும் கவிஞரின் பாடலில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். 'போட்டுக்கோங்க' என்று தொலைபேசியில் சொன்னது போதாது, எழுத்தில் வேண்டும். எழுத்திலும் மொட்டையாக 'அனுமதிக்கிறேன்' என்றிருந்தால் இன்னொரு சிக்கல். சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருஷம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று கொள்ளப்படும். 30ஏ பிரிவு அதை உரிமங்களுக்கும் பொருத்துகிறது. ஆகவே கடிதத்தில் இப்படி இருக்கட்டும்: "இந்தப் பாடலின் சொற்களை கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ 4.0 சர்வதேச உரிமத்தின் கீழ், உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும் வெளியிடச் சம்மதிக்கிறேன். இதைத் திரும்பப் பெற முடியாது என்பதையும் வணிகப் பயன்பாடும் இதில் அடங்கும் என்பதையும் அறிவேன்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். கவிஞருக்குத் தெரியாமல் அவர் சொற்களைத் திறந்துவிடுவது தப்பு.

கோப்பைப் பற்றி. பிடிஎஃப் மட்டும் கொடுத்தால் மாற்றும் உரிமை காகிதத்தில்தான் இருக்கும். ஸ்வரங்களை இடைவெளி தட்டி வரிசைப்படுத்தாதீர்கள், வேறு எழுத்துருவில் திறந்ததும் ஸ்வரமும் ஸாஹித்யமும் ஒன்றுக்கொன்று விலகிவிடும். லிப்ரே ஆபீஸில் அட்டவணை போடுங்கள். ஆதி தாளத்துக்கு 8 கட்டம், 4, 2, 2 என்று தடித்த கோடு, மேல் வரி ஸ்வரம், கீழ் வரி ஸாஹித்யம். தார ஸ்தாயியை (மேல் ஸ்தாயியை) காட்டும் புள்ளிக்கு மெய்யெழுத்தின் புள்ளியைத் தட்டுவது வழக்கமாகிவிட்டது. கண்ணுக்குச் சரியாகத் தெரியும், கணினிக்கு அது 'ஸ்' என்ற மெய்தான். யாராவது ரோமன் எழுத்துக்கு மாற்றும்போது மேல் ஸட்ஜம் வெறும் மெய்யாகி, ஸ்தாயியே காணாமல் போய்விடும். யூனிகோடில் மேலே ஒட்டும் புள்ளி தனியாக உண்டு (0307), கீழ்ப்புள்ளி 0323. நோட்டோ தமிழ் எழுத்துரு திறந்த உரிமத்தில் இருப்பதால் அதைக் கோப்பில் பதிப்பதில் தடையில்லை. பிடிஎஃப் ஆக்கும்போது 'ஹைப்ரிட் பிடிஎஃப்' என்ற பெட்டியில் டிக் செய்தால் திருத்தக்கூடிய மூலமும் அதே கோப்புக்குள் போய்விடும்.

உரிம வரியை முதல் பக்கத்தில் மட்டும் போடாமல் எல்லாப் பக்கங்களின் அடியிலும் போடுங்கள், வாட்ஸ்அப்பில் போவது ஒற்றைப் பக்கத்தின் படம்தான். உருப்படியின் பெயர், இசை யார், சொற்கள் யார், வருஷம், உரிமத்தின் முழுப்பெயரும் 4.0 என்ற எண்ணும், உரிமப் பக்கத்தின் முகவரி. பழைய புத்தகப் பழக்கத்தில் 'அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை' என்று சேர்த்துவிடாதீர்கள். இரண்டும் ஒரே தாளில் இருந்தால் எதை நம்புவது என்று தெரியாமல் தயங்கி விட்டுவிடுவார்கள்.

இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் ஏற்றினால் தேதி பதிவாகும். பிறகு ஒருவர் உங்கள் வர்ணத்தைப் பாடி, அந்தப் பதிவை யூடியூபின் கன்டென்ட் ஐடியில் (ஒரே ஒலி வேறு வீடியோக்களில் வந்தால் தானாகக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு) சேர்த்து, அதனால் உங்கள் மாணவியின் வீடியோவுக்கு உரிமைகோரல் வந்தால், அந்தத் தேதியும் உரிம வரியும்தான் மறுப்புக்கு ஆதாரம். தனக்கு மட்டுமே உரியதைத்தான் அங்கே சேர்க்கலாம் என்பது யூடியூபின் விதி. நீங்கள் பாடிய ஒலிப்பதிவையும் கொடுப்பதானால் அதற்குத் தனியாக உரிமம் குறிப்பிடுங்கள், பக்கவாத்தியக்காரர்களின் சம்மதத்தோடு. ஸ்வரக்குறிப்பின் உரிமம் ஒலிப்பதிவுக்குத் தானாக வராது.

மூன்று வர்ணங்களையும், மெட்டைச் சரிபார்த்த பாரதியார் பாடல்களையும் இந்த வாரமே ஏற்றலாம். பன்னிரண்டாவது, கவிஞரின் கடிதம் கைக்கு வந்த பிறகு.