டி கனெக்டரைக் கழற்றிவிட்டு டைப்ளெக்சர் போடுங்கள்

எஸ்ஓ-50 என்ற அமெச்சூர் ரேடியோ செயற்கைக்கோளுக்கு 2 மீட்டர் பேண்டில் அனுப்பி, 70 செ.மீ. பேண்டில் கேட்கிறோம். இந்த இரண்டுக்குமான யாகிகளை (திசை ஆன்டெனாக்களை) டி கனெக்டரில் சேர்த்ததும் எஸ்ஓ-50 கேட்காமல் போனால், காரணம் பெரும்பாலும் அந்த டி-தான். எஸ்ஓ-50 நமக்கு அனுப்பும் 436.795 மெகாஹெர்ட்ஸில் பார்த்தால் 2 மீட்டர் யாகியின் கேபிள் வெறும் வால். ஆர்ஜி-58 கேபிளில் கால் அலைநீளம் சுமார் 11 செ.மீ.; கேபிள் அவ்வளவு கூடினாலோ குறைந்தாலோ சந்திப்பில் ஓப்பன் சர்க்யூட் ஷார்ட் சர்க்யூட்டாகத் தெரியலாம். வந்த கொஞ்ச சிக்னலும் அங்கேயே போய்விடும்.

அடுத்த பாஸில் (செயற்கைக்கோள் வானில் கடக்கும்போது) மொட்டை மாடியில், கேட்டுக்கொண்டிருக்கும்போதே 2 மீட்டர் கேபிளை டி-யிலிருந்து உருவிப் பாருங்கள். இரைச்சல் அடங்கிக் குரல் எழுந்தால் சந்தேகமே வேண்டாம்; டி-க்குப் பதில், இரண்டு பேண்டையும் தனித்தனியே பிரித்துவிடும் டைப்ளெக்சரைப் போடுங்கள். கேபிளை உருவியிருக்கும் நேரத்தில் மட்டும் பிடிடி-யை (பேச அழுத்தும் பட்டனை) அழுத்திவிடாதீர்கள். நாம் அனுப்பும் 145.850க்கு ஆன்டெனா இல்லாமல் அழுத்தி ஒரு செட்டின் ஃபைனலை (கடைசிப் பெருக்கியை) நானே சுட்டுத் தொலைத்திருக்கிறேன்.

யாகி இரண்டையும் ஒரே பூமில் (நடுத்தண்டில்) ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் மாட்டுங்கள், அடித்துக்கொள்ளாது. டைப்ளெக்சர் வாங்கும்போது கனெக்டர் வகையைப் பாருங்கள். சென்னை ரிச்சி தெருவில் எஸ்எம்ஏ கனெக்டர் ஆணா பெண்ணா என்று கேட்காமல் வாங்கி இரண்டு முறை அலைந்தவன் சொல்கிறேன்.

இன்னொன்று: அனுப்பிக்கொண்டே கேட்க இரண்டு ஹேண்டி (கையடக்க ரேடியோ) வைத்திருந்தால் எதையும் சேர்க்கவே வேண்டாம், ஆளுக்கொரு யாகி. ஆனால் 145.850ன் மூன்றாவது ஹார்மோனிக் (மும்மடங்கு அலைவெண்) 437.55ல் விழும், நாம் கேட்கும் டவுன்லிங்க் அலைவெண்ணுக்குப் பக்கம். கேட்கும் செட் அப்போதும் மந்தமானால், அதன் முன்னால் 2 மீட்டரைத் தடுக்கும் ஃபில்டரும் அனுப்பும் செட்டில் ஹார்மோனிக்கைத் தடுக்கும் லோ பாஸ் ஃபில்டரும் தேவைப்படும்.