உப்புக் காற்றும் பழைய கிட்டாரும்

கேள்வி: பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த 1964-ஆம் ஆண்டு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மின்கிட்டாரின் வெள்ளை நிறம் வெண்ணெய் நிறமாகிவிட்டது, மேற்பூச்சிலும் மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றன. புதிதாக வண்ணம் பூசலாமா?
– வாசகர், மண்டபம்

பதில்: தயவுசெய்து பூசிவிடாதீர்கள். அக்காலத்தில் மேலே பூசப்பட்ட நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் ஆண்டுகள் செல்லச்செல்ல மஞ்சளித்து இறுகும். அடியிலுள்ள மரம் வெப்பத்திலும் ஈரத்திலும் விரிந்து சுருங்கும்போது, அதனோடு ஈடுகொடுக்க முடியாத அந்தப் பூச்சு, வற்றிய கண்மாய்த் தரைபோல் வெடிக்கிறது. அந்த முதுமைதான் அதன் அழகு என்பது என் உறுதியான எண்ணம். மறுபூச்சு செய்தால் விலையும் பெரிதும் குறையும்.

கவலைப்பட வேண்டியது உங்கள் ஊர் உப்புக் காற்றைப் பற்றித்தான். தந்திகளைத் தாங்கும் ஆறு சேணங்களிலும் இரண்டிரண்டாக, அரிசிமணி அளவில் 12 உயரத் திருகுகள் இருக்கும். அவை துருவேறி இறுகியிருந்தால் பலவந்தமாகத் திருப்பாமல், ஊசிமுனையால் ஒரு சொட்டுத் துருநீக்கி எண்ணெய் விட்டு ஓர் இரவு பொறுங்கள். தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப்பில் காந்தத் துண்டுகளைச் சுற்றியுள்ள செம்புக் கம்பி தலைமுடியைவிட மெல்லியது. அதை மட்டும் தொடவே வேண்டாம். வாசித்து முடித்ததும் வியர்வையை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் பெட்டிக்குள் வையுங்கள்.